ஒரு கல் குறைந்த ராக்கொடி

பட்டாசுக் கம்பெனி கேட்டில் தினமும் காலையில் பெண்களின் தலையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஊக்கு, ஹேர்பின், வளையல், கொலுசு, மெட்டி எதுவும் உள்ளே போகக் கூடாது. எங்கேயாவது ஒரு உரசல், ஒரு பொறி, அவ்வளவுதான், ஷெட்டே இருக்காது. அதனால் அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆனைக்குட்டம் அணைத் தண்ணீரில் விளையும் அந்த ஊரில், கேட்டுக்கு வெளியிலும் கீழத்தெருப் பெண்களின் தலை வெறுந்தலையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நிறையவே இருக்கிறது.

வேல்விழிக்கு ஃபேன்சி வெடிக்குக் காகிதக் குழாய் ஒட்டும் வேலை. இரண்டு கை சேர்த்துப் பிடித்தாலும் அடங்காத முடி. அதைக் கட்டி வைக்கக் கம்பெனி விட்டது ஒரு நூல் நாடாவை மட்டும். மத்தியானத்துக்குள் நாடா நழுவும், முடி பசைக் கையில் ஒட்டும், போர்மேன் கத்துவார். ஒருநாள் ராக்கெட் வாலுக்கு வரும் மூங்கில் குச்சியில் ஒடிந்த துண்டு ஒன்றை எடுத்துக் கொண்டையில் செருகிப் பார்த்தாள். கொண்டை அசையாமல் நின்றது. மூங்கில் இரும்பில்லையே. கேட்டில் தலை தடவும் தங்கத்தாயும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கத்தாய் அதே கீழத்தெருக்காரி, வேல்விழிக்கு மதினி முறை.

காரியம் நடந்தால் போதும் என்று இருந்துவிடுகிற ஆள் இல்லை வேல்விழி. வெறுங்குச்சி அவள் கண்ணுக்கு அசிங்கமாகப் பட்டது. தை அறுப்பு முடிந்திருந்த நேரம். வரப்போரம் அரிவாளுக்குத் தப்பி நின்ற நெல்தாள் சாயங்கால வெயிலில் மினுங்குவதைப் பார்த்தாள். ஒரு கைப்பிடி அறுத்துக்கொண்டு வந்தாள். களத்தில் அடித்த வைக்கோல் இதற்கு ஆகாது, நசுங்கி நாராகப் போயிருக்கும். கதிருக்கு அடியில் இருக்கும் தாள்தான் வழவழப்பு. அதை நனைத்து, பிளேடால் நெடுகக் கீறி, உள்பக்கத்தைச் சுரண்டி, சூடான டம்ளர் அடியால் தேய்த்தால் ரிப்பனாக விரிந்துவிடும். பழைய காலண்டர் அட்டையை வெட்டி அதன்மேல் ஒட்டினாள். ஒரு துண்டை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் வைத்தால் ஒன்று வெளிச்சத்தை வாங்கும், மற்றது மங்கி நிற்கும். தலையைத் திருப்பினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். நாளெல்லாம் காகிதம் ஒட்டுகிற விரலுக்கு இதெல்லாம் பெரிய வேலை இல்லை.

முதலில் ஒரு இலை செய்தாள். அப்புறம் ஒரு பூ. அப்புறம் ஆசை வளர்ந்து ராக்கொடியில் வந்து நின்றது.

ராக்கொடி என்றால் பின்னந்தலையில் சடை தொடங்கும் இடத்தில் வைக்கிற வட்டமான நகை. கல்யாணப் பெண்ணுக்கு வைப்பார்கள். அந்த ஊரில் தங்கத்தில் ராக்கொடி இருந்தது ஒரே ஒரு வீட்டில், பெரிய வீட்டில். அதை வேல்விழி பார்த்ததே இல்லை. அவளிடம் இருந்தது நகைக்கடைக் காலண்டர் ஒன்று. அதில் ஒரு மணப்பெண் முதுகைக் காட்டி நின்று திரும்பிப் பார்ப்பாள். அந்தப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு அட்டையை வெட்டிக்கொண்டிருந்தபோது, தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா குருவம்மாள் வாயைத் திறந்தாள்.

"இது தப்பு. ராக்கொடியில அன்னம் இப்பிடி நேரா நிக்காது. கழுத்தைத் திருப்பிக்கிட்டு இருக்கும்."

"நீ எங்கன பாத்த?"

"பாத்தேனாவா. பெரிய வீட்டம்மா கல்யாணமாகி வந்த புதுசுல நான்தான தலை பின்னி விட்டது. என் கையாலதான வச்சு விடுவேன்."

குருவம்மாளுக்கு வலது காது மந்தம். மகள் இடதுபக்கம் நகர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். அன்னம் எந்தப் பக்கம் பார்க்கும், சுற்றிலும் சிவப்புக் கல் எத்தனை வரிசை, ஓரத்தில் முத்து எப்படி. குருவம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, விரலைக் காற்றில் சுழற்றிச் சுழற்றிச் சொன்னாள். கடைசியில் ஒன்று சொன்னாள்.

"வலப்பக்கம், அன்னத்து வாலுக்குக் கீழ ஒரு கல்லு எடத்தைக் காலியா விடு."

"ஏன்?"

"அது அப்பிடித்தான். விடு."

ஆசாரிமார் திருஷ்டிக்காக ஒரு குறை வைத்துச் செய்வார்கள் போலிருக்கிறது என்று வேல்விழி நினைத்துக்கொண்டாள். காலியாகவே விட்டாள். வெடிக்குச் சுற்றும் சிவப்புத் தாளை ஊறவைத்து இறங்கிய சாயத்தில் நெல்தாளை நனைத்து எடுத்தால் அசல் கெம்புக்கல்லின் நிறம் வந்தது. இரண்டு ராக்கொடி செய்தாள், தனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அம்மா தன்னுடையதை வாங்கிப் பார்த்தாள், ஒரு துணியில் சுற்றினாள், அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள்.

"நீயும் கம்பெனிக்கு வேணா வச்சுட்டுப் போ. ஊருக்குள்ள வைக்காத."

"ஏன், ஊருக்குள்ள என் தலை வேற தலையா?"

குருவம்மாள் அடுத்த தீப்பெட்டியை எடுத்து ஒட்ட ஆரம்பித்தாள். அவளுக்குக் காது கேட்கவில்லை என்று வேல்விழி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கேட்டில் தங்கத்தாய் திடுக்கிட்டுப்போனாள். கழற்றி வாங்கி, கையில் நிறுத்துப் பார்த்து, பல்லில் கடித்தும் பார்த்தாள். "அடிப்பாவி, வைக்கோலாட்டி இது?" என்று சிரித்தாள். போர்டில் எழுதியிருந்த தடைப் பட்டியலில் இரும்பு இருந்தது, பித்தளை இருந்தது, நைலான் இருந்தது, செல்போன் இருந்தது. வைக்கோலைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அன்றிலிருந்து அந்த ராக்கொடி தினமும் காலையில் தங்கத்தாயின் கையில் ஏறி இறங்கி உள்ளே போய் வந்தது.

பங்குனிப் பொங்கல் வந்தது.

கடைசி நாள் முளைப்பாரி. அம்மன் கோயிலில் இருந்து எடுக்கும் பாரி பெரிய வீட்டுத் தெரு வழியாகப் போய்ப் பொழுது இறங்குவதற்குள் கண்மாயில் கரைய வேண்டும். தலையில் ஏற்றிய பாரியைத் தண்ணீரைக் காணும் மட்டும் தரையில் இறக்கக் கூடாது. பாரி சுமக்கிறவள் அந்த நேரத்துக்கு அம்மனுக்குச் சமம், அவள் மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். தெருக்காரர்கள் செம்பில் மஞ்சள் தண்ணீரோடு வாசலில் நின்று அவள் காலில் ஊற்றுவார்கள். இந்த ஊரில் பெரிய வீட்டம்மாள் கீழத்தெருக்காரியின் காலைப் பார்த்துக் குனிவது வருசத்தில் அந்த ஒரு நாள்தான்.

வேல்விழி குளித்து, சடை பின்னி, ராக்கொடியை வைத்தாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கழற்று என்று சொல்லவில்லை. அரிசிப் பானைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து மடியில் செருகிக்கொண்டு, மகள் சுமந்த பாரிக்குத் துணையாகக் கூடவே நடந்துவந்தாள்.

காலையில் இருந்தே பெரிய வீட்டில் பீரோவைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது கீழத்தெருவுக்குத் தெரியாது. திருவிழாவுக்கு வைக்கலாம் என்று பெரிய வீட்டம்மாள் ராமுத்தாய் தேடிய ராக்கொடியைக் காணவில்லை. அந்த எரிச்சலோடுதான் அவள் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். வேல்விழியின் காலில் தண்ணீரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். வேல்விழி நாலு எட்டு தாண்டிப் போனதும் பின்னந்தலையில் சாயங்கால வெயில் விழுந்தது.

"ஏட்டி, நில்லு."

வேல்விழி நின்றாள். மேளம் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது.

"தலையில என்னது?"

"முளைப்பாரி."

பின்னால் வந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். ராமுத்தாயின் முகம் சிவந்தது. வேல்விழியைச் சுற்றிப் பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அதே அன்னம். அதே திரும்புன கழுத்து. வாலுக்குக் கீழ ஒரு கல்லு இல்ல. ஒரு கல்லு இல்லாத ராக்கொடி ஒலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு, அது என் வீட்டுல இருக்கு. காலையில இருந்து அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். எப்பிடிட்டி ஒன் தலைக்கு வந்துச்சு?"

களவு என்ற சொல்லை ராமுத்தாய் இன்னும் சொல்லவில்லை, ஆனால் எல்லோர் காதிலும் அது விழுந்துவிட்டது.

"இது நான் செஞ்சது. வைக்கோலு."

"வைக்கோலு இப்பிடி மினுங்குமா?"

"தாயி, வைக்கோலுதான் தாயி," என்று குருவம்மாள் கும்பிட்டாள். "சின்னப்புள்ள வெளையாட்டா செஞ்சது."

ராமுத்தாயின் வீட்டுக்காரர் சுந்தரபாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கோயில் காரியம் பார்க்கிறவர், வெள்ளை வேட்டி, காதோரம் செல்போன் பேசிய சூடு. "எதுக்குப் பேச்சு? கழட்டிக் குடுக்கச் சொல்லு, பாத்துட்டுத் தந்துருவோம்," என்று கையை நீட்டினார்.

வேல்விழிக்கு அடுத்துப் பாரி சுமந்து நின்றவள் தங்கத்தாய். "பாரி தூக்குனவ மேல கை வைக்கப் போறீகளா மொதலாளி?" என்று கேட்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது. "வைக்கோலுதான். தெனமும் காலையில என் கையில வாங்கிப் பாத்துத்தான் கம்பெனிக்குள்ள விடுறேன்."

"ஒங்க தெருக்காரி வேற எப்பிடிச் சொல்லுவா?" என்றாள் ராமுத்தாய்.

இவ்வளவுக்கும் ஒரு நொடி வேலைதான். குருவம்மாள் எட்டி அதைக் கழற்றிக் காட்டிவிட்டால் விவகாரம் முடிந்தது. அவள் கையை உயர்த்தவும் செய்தாள். வேல்விழி தலையைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள், பாரியின் பயிர் மொத்தமும் ஆடியது.

"கை வைக்காதம்மா."

"எடுத்துக் காட்டிருவோம்ட்டி. என்ன கொறஞ்சுபோகுது?"

"கம்பெனி கேட்டுல தெனமும் தலையைக் குனிஞ்சு காட்டுறேன். அங்கன ஒரு பொறி விழுந்தா அம்புட்டுப் பேரும் போயிருவோம், அதுக்காகக் காட்டுறேன். இங்கன எதுக்குக் காட்டணும்? களவு போச்சுன்னு சொல்றது அவுக. எங்கன போச்சுன்னு அவுகதான் தேடிப் பாக்கணும்."

அம்மா பெரிய வீட்டம்மாளைத் தாயி என்பாள். வேல்விழி எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை என்பதைத் தெரு கவனித்தது.

"கழட்டாம பாரி இந்தத் தெருவைத் தாண்டாது," என்றார் சுந்தரபாண்டி.

பொழுது மேற்கே சரிந்துகொண்டிருந்தது. பாரி கரையாமல் பொழுது அடைந்தால் ஊருக்கே ஆகாது என்பார்கள். கீழத்தெரு நாட்டாமை இருளாண்டி பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "கழட்டிக் குடுத்துரு தாயி. நாளைக்கும் இவுக மொகத்துலதான முழிக்கணும்." அவரைச் சொல்லியும் குற்றமில்லை, ஆயுசு பூராவும் அப்படி விட்டுக்கொடுத்தே ஊரை ஓட்டியவர். வேல்விழிக்குக் கழுத்து கடுத்தது. ஈர எரு அப்பிய பானை நேரம் ஆக ஆகக் கனத்தது. பயமாகவும் இருந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி கூடுதலாக இருந்தது. அவள் அசையவில்லை. அவளுக்குப் பின்னால் பாரி சுமந்த பெண்கள் ஒருத்தியும் அசையவில்லை.

சுந்தரபாண்டியின் செல்போன் அடித்தது. மதுரையில் கட்டிக்கொடுத்த மகள் முத்துமாரி, திருவிழா எப்படி நடக்கிறது என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் தள்ளிப் போய்ப் பேசினார். முதலில் குரல் பெரிதாக இருந்தது, அப்புறம் சின்னதாகியது. திரும்பி வந்து மனைவியின் காதில் சொன்னார். மேளம் நின்றுபோயிருந்ததால் காதில் சொன்னது தெருவுக்கே கேட்டது.

"தைப் பொங்கலுக்கு வந்தப்ப அவதான் எடுத்துட்டுப் போனாளாம். அங்கனதான் இருக்காம்."

ராமுத்தாய் அந்த இடத்தில் உள்ளே போயிருக்கலாம். தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கீழத்தெரு அதைப் பெரிய மனசு என்று பத்து வருசம் பேசியிருக்கும். அவளுக்கு அது வரவில்லை.

"சரி. களவு இல்லேன்னே வச்சுக்கிருவோம். இருந்தாலும் அதைக் கழட்டிட்டுப் போகட்டும்."

"ஏன்?" என்றாள் வேல்விழி.

"அது எங்க வீட்டு உருவம். எங்க மாமியா வச்சது, நான் வச்சது, என் மக வச்சது. தங்கத்துல செஞ்சா என்ன, வைக்கோல்ல செஞ்சா என்ன, கண்டவ தலையிலயும் அது ஏறக் கூடாது."

வேல்விழிக்கு அப்போதுதான் உறைத்தது. வைக்கோல் என்று முதலிலேயே கழற்றிக் காட்டியிருந்தாலும் இவள் விட்டிருக்க மாட்டாள். நகை போனது இவளுக்கு வருத்தமில்லை, இந்தத் தலையில் அது இருப்பதுதான் வருத்தம்.

"தாளு ஒங்க வயல்ல வெளைஞ்சதுதான்," என்றாள். "நெல்லை நீங்க எடுத்துக்கிட்டீக. வைக்கோலை ஒங்க மாடு தின்னுச்சு. ரெண்டுக்கும் ஆகாம வரப்புல நின்னதைத்தான் நான் எடுத்தேன். அதையும் தலையில வைக்கக் கூடாதுன்னா, அப்பறம் எதைத்தான் வைக்க விடுவீக?"

"வாயைப் பாரு. அந்த விழுந்த கல்லைக்கூட விடாம அப்பிடியே எடுத்துச் செஞ்சிருக்கா. என் கல்யாணத்தன்னிக்கு விழுந்த கல்லு அது. எங்க வீட்டு அடையாளம்."

"கல்யாணத்தன்னிக்கு விழல தாயி."

சொன்னது குருவம்மாள். கும்பிட்ட கையை இறக்கியிருந்தாள்.

"என்னது?"

"கல்யாணத்தன்னிக்கு முழுசா இருந்துச்சு. நான்தான வச்சு விட்டேன். ஆடி மாசம் நீங்க எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போயிருந்தீக. ராக்கொடி கண்ணாடி முன்னால இருந்துச்சு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என் தலையில வச்சுப் பாத்தேன். ஒங்க மாமியா பின்னால வந்து அடிச்சாக. தெறிச்சுப் போய்த் தரையில விழுந்துச்சு. கல்லு அப்பத்தான் போச்சு. இந்தக் காதும் அப்பத்தான் போச்சு." குருவம்மாள் வலது காதைத் தொடவில்லை, தொடாமலே எல்லோரும் அதைப் பார்த்தார்கள். "விழுந்த கல்லை என்னையவே தேடச் சொன்னாக. காதுல ரத்தம் வடிய வடியத் தேடினேன். கெடைக்கல. நீங்க ஈரத்தலையோட நெலைப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தீக தாயி. ஒரு வார்த்த சொல்லல."

ராமுத்தாய் வாயைத் திறந்தாள். இப்போதும் வார்த்தை வரவில்லை.

வெடிச்சத்தத்தில் போன காது என்றுதான் அம்மா ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தாள். பட்டாசு வேலைக்கே போகாத அம்மாவுக்கு எந்த வெடிச்சத்தம் என்று ஒருநாளாவது கேட்டோமா என்று வேல்விழி தன்னையே கேட்டுக்கொண்டாள். திருஷ்டிக்கு விட்ட இடம் என்று அவள் ஒட்டாமல் விட்ட அந்தச் சின்னக் குழி, பின்னந்தலையில் இப்போது சுட்டது.

"அந்தக் காலி எடம் ஒங்க வீட்டு அடையாளம் இல்ல," என்றாள் குருவம்மாள். "அது என்னோடது."

மடியில் இருந்து துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். நரைத்த முடியை இரண்டு கையாலும் அள்ளிச் சுருட்டி, ராக்கொடியைச் சரியான இடத்தில் வைத்து மூங்கில் குச்சியால் செருகினாள். அந்தக் கைக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்ளாமல், ராமுத்தாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பி, மகளைப் பார்த்துச் சொன்னாள்:

"நட. பொழுது போகுது."

தங்கத்தாய் குலவை போட்டாள். பின்னால் ஒவ்வொருத்தியாக எடுத்துக்கொண்டார்கள். மேளக்காரர் சுந்தரபாண்டியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் வேல்விழியின் முகத்தைப் பார்த்தார், அடிக்க ஆரம்பித்தார். சுந்தரபாண்டி ஓரமாக நகர்ந்துகொண்டார். பாரி சுமந்தவர்கள் ராமுத்தாயின் வாசலைக் கடந்து போனார்கள். அவள் செம்பைப் பிடித்தபடி நின்றாள். அதற்கப்புறம் அவள் முன்னால் ஒருத்தியும் காலை நீட்டி நிற்கவில்லை, மஞ்சள் தண்ணீர் செம்பிலேயே கிடந்தது. கண்மாயில் பாரி கரையும்போது தண்ணீரில் கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்தது.

பெரிய வீடு அந்த வருசம் கீழத்தெருவை வயல்வேலைக்குக் கூப்பிடவில்லை. கீழத்தெருவும் போய் நிற்கவில்லை. கம்பெனியில் சீசன் ஆரம்பித்திருந்தது, ஆள் தேவைப்பட்டது.

குருவம்மாள் தீப்பெட்டி ஒட்டுவதைக் குறைத்துக்கொண்டு ராக்கொடி ஒட்டினாள். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் செய்துகொடுத்தாள். சித்திரையில் ஒருநாள் காலை, கம்பெனி கேட்டில் வரிசையாகத் தலையைக் குனிந்து நின்ற பெண்களில் பாதிப் பேர் பின்னந்தலையில் அன்னம் இருந்தது. தங்கத்தாய் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்பினாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், வெளியூர்க்காரி, முன்னால் நின்ற வேல்விழியின் தலையைப் பார்த்துவிட்டு, அவளுக்கு முன்னால் நின்றவள் தலையையும் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, எல்லாத்துலயும் அந்த ஒரு எடத்துல கல்லு விழுந்துருக்கே?"

"தானா விழல," என்றாள் வேல்விழி. "அடிச்சாக."